பொளிச்சு அடுக்கிய புல்லட்

பழைய மோட்டார் சைக்கிளைக் கட்டிக் கொடுக்கும் தொழிலில் வண்டியோடு மல்லுக்கட்டுவது பாதி வேலைதான். மீதிப் பாதி வண்டிக்காரரோடு. அந்த வண்டிக்காரர் கடல் கடந்து இருந்துவிட்டால் இரண்டு பாதியும் சேர்ந்து நம் தலையில்தான் விடியும்.

வெளிநாட்டில் ஒரு மச்சானையோ மாமனையோ வைத்துக்கொண்டு, அவர் ஊரில் கட்டும் வீட்டின் ஒவ்வொரு ஜன்னலையும் போனில் காட்டிக் காட்டிக் கை ஓய்ந்துபோனவர்களே, இதைப் படித்து ஆறுதல் அடையுங்கள். உங்களுக்காவது அவர் சொந்தக்காரர், நாலு வார்த்தை திட்டலாம். எனக்கு வாய்த்தவர் வாடிக்கையாளர்.

நான் கம்பத்துக்காரன். மட்டாஞ்சேரியில் பழைய சரக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். ஒட்டினாற்போல் இருப்பது சுக்கு, கடுக்காய் எல்லாம் மூட்டை மூட்டையாக வைத்திருக்கும் கிடங்கு. அதனால் என்னிடம் வருகிற யாரும் முதலில் தும்மிவிட்டுத்தான் விஷயத்தைச் சொல்வார்கள். என்னோடு வேலை பார்ப்பவர் பேச்சிமுத்து அண்ணாச்சி. சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், என்னைவிட மூத்தவர், வெல்டிங்கில் கெட்டிக்காரர். கொச்சிக்கு வந்து அதிக நாள் ஆகாததால் மலையாளம் வராது. ஆனால் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்துவிடுவார். அது ரொம்ப நல்ல குணம் என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

சின்ன ஒரு பணி

நாஸர் தலைமுறை தலைமுறையாக மட்டாஞ்சேரியில் இருக்கும் தமிழ் ராவுத்தர் குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். மஸ்கட்டில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக்காகச் சேர்ந்து, சூப்பர்வைசராகி, பல வருஷமாக அங்கேயே இருக்கிறார். ஒருநாள் போனில் கூப்பிட்டு, கல்யாணம் ஆன புதிதில் வாங்கிய பழைய புல்லட் ஒன்று வீட்டில் கிடக்கிறது, அதில் 'சின்ன ஒரு பணி' உண்டு என்றார். மலையாளத்தில் பணி என்றால் வேலை. அதே மலையாளத்தில் ஒருவனுக்குப் பணி கிடைத்தது என்றால் வகையாக மாட்டிக்கொண்டான் என்றும் அர்த்தம். அவர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்பது வண்டி வந்து இறங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது.

வண்டி பெட்டி ஆட்டோவில் வந்தது. முக்கால்வாசி ஆட்டோவில், மீதி சாக்கில். அவர்கள் வீட்டுக் கொல்லையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது அது. மட்டாஞ்சேரியில் கடல் ஏற்றம் வரும்போது காயல் தண்ணீர் வீட்டுக்குள் வந்து எல்லோரையும் விசாரித்துவிட்டுப் போகும். உப்புக்காற்று தின்றது போக மிச்சமிருந்ததை அந்தத் தண்ணீர் தின்றிருந்தது. அண்ணாச்சி சைலன்சரைச் சாய்த்தார். முதலில் சேறு வந்தது. பிறகு உயிரோடு ஒரு நண்டு வந்து, எங்களைப் பார்த்துக் கொடுக்கைத் தூக்கிக் காட்டிவிட்டு, சுக்குக் கிடங்குப் பக்கம் நடையைக் கட்டியது.

இதையெல்லாம் நாஸர் வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜின் துருப்பிடித்து இறுகிப்போய்விட்டதே என்ற கவலை அவருக்கு இல்லை, செயின் இருந்த இடத்தில் துருப்பொடிதான் இருக்கிறதே என்ற கவலையும் இல்லை. பாகங்கள் எல்லாம் ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்ற ஒரே கவலைதான். "நண்டு கம்பெனியில வந்ததில்ல ஆசானே, அத எடுத்துக் களைஞ்சிடுங்க" என்றார்.

ராஜி

மறுநாள் நாஸரின் மனைவி சுஹரா இத்தா வந்தார். இங்கே முஸ்லிம் வீடுகளில் அக்கா என்றால் இத்தா, அண்ணன் என்றால் இக்கா. வீட்டிலேயே அரிசிப் பத்திரியும் இறைச்சிக் கறியும் சமைத்து, கேட்ட வீடுகளுக்குக் கொடுத்து அனுப்புகிறவர். கையில் எப்போதும் ஒரு தூக்கு இருக்கும், பேச்சில் எப்போதும் ஒரு குத்து இருக்கும். தும்மி முடித்துவிட்டு, வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். சைலன்சரைக் காலால் தொட்டும் பார்த்தார்.

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். ஒவ்வொரு தடவை லீவில் வரும்போதும் 'அடுத்த வருஷம் ராஜி வெச்சுட்டு வந்துடறேன்' என்பாராம் நாஸர். மலையாளத்தில் ராஜி என்றால் வேலையை விடுவது. தமிழில் ராஜி என்றால் சமாதானமாகப் போவது. இந்த மனிதர் விஷயத்தில் இரண்டும் நடக்கவில்லை. கடைசியாக இத்தா சண்டை போட்டபோது, வண்டியைக் கட்ட ஆள் பார்க்கிறேன், புல்லட் ஓடத் தொடங்குகிற அன்றைக்கு ஊரோடு வந்துவிடுகிறேன், பிறகு போகவே மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். பிள்ளைகளும் ஆளுக்கொரு ஊராகப் போய்விட்டார்கள். வீட்டில் இத்தா மட்டும்தான்.

எல்லா வாடிக்கையாளரிடமும் சொல்வதுபோல, வண்டி எப்போது ஓடும் என்று இப்போதே சொல்ல முடியாது இத்தா, என்று ஆரம்பித்தேன். "வண்டி எப்ப ஓடும்னு கேக்க வரல தம்பி. அவரு எப்ப வருவாருன்னு கேக்க வந்தேன். ரெண்டும் ஒண்ணுதானே" என்றார்.

மஸ்கட்டில் ஒரு ஸ்பானர்

நாஸருக்கு லீவு நாளான வெள்ளிக்கிழமை எனக்குக் கண்டம். போனைப் பிடிப்பது அண்ணாச்சியின் வேலை. மஸ்கட்டில் நாஸர் கட்டிலில் சம்மணம் போட்டு, கையில் ஒரு ஸ்பானரோடு தயாராக இருப்பார். நான் இங்கே நட்டை இறுக்கினால் அவர் அங்கே காற்றை இறுக்குவார். எனக்குக் கை வலித்தால் அவர் நெற்றியைத் துடைத்துக்கொள்வார். "நாங்க வண்டி கட்டிட்டு இருக்கோம்" என்று யாருக்கோ பதில் சொல்வதும் காதில் விழும்.

கொஞ்ச நாளில் அவரோடு அறையில் தங்கியிருப்பவர்களும் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். ஒருவர் கிளட்சைப் பற்றிப் பேசுவார், ஒருவர் சோறு வடித்தபடியே கார்புரேட்டரைப் பற்றிப் பேசுவார். எல்லோரையும்விட விவரமாகப் பேசியவர் ஒரு தலச்சேரிக்காரர். மனிதர் புல்லட்டைக் கரைத்துக் குடித்திருக்கிறார் என்று நினைத்து, அவர் சொல்லுக்கு நானும் மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் அங்கே சலூனில் முடி வெட்டுகிறவர் என்பது ஹெட் போல்ட்டை இறுக்கும்போதுதான் தெரிந்தது. "மதி ஆசானே, போதும், இனி இறுக்கினா காது அறுந்துடும்" என்றார்.

கடுக்கா நிறம்

பெட்ரோல் டேங்குக்கு என்ன பெயிண்ட் அடிப்பது என்று ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க விவாதம் நடந்தது. நாஸருக்குப் பழைய நிறம் மனதில் இருக்கிறது, வாயில் வரவில்லை. நான் காட்டிய எந்த நிறமும் போனுக்குள் போனதும் வேறு நிறமாகிவிடுகிறது. கடைசியில் நம் தலச்சேரிக்காரர்தான் கைகொடுத்தார். "கடுக்காவோட நெறம்" என்றார். அதேதான், அதேதான் என்று மஸ்கட் அறை முழுவதும் ஆமோதித்தது.

எனக்கு என்ன கஷ்டம்? கடுக்காய்தான் பக்கத்துக் கிடங்கில் மூட்டை மூட்டையாக இருக்கிறதே. நல்லதாக ஒன்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டுபோய், தோப்பும்படியில் படகுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஜோசப் சேட்டனிடம் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, பெயிண்டைக் கலந்து, அச்சு அசலாக அந்த நிறத்தையே கொண்டுவந்துவிட்டார். மருந்துக்கடை டப்பாவில் ஒட்டிக்கொண்டிருக்கும் அழுக்கு மஞ்சள். டேங்கைப் போனில் பார்த்ததும் மஸ்கட்டில் துக்க வீடு மாதிரி ஆகிவிட்டது. தலச்சேரிப் பக்கம் கடுக்கா என்றால் பாறையில் ஒட்டி வளரும் சிப்பியாம். அதன் ஓட்டுப் பச்சையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். கொச்சியில் அதைக் கல்லுமக்காய் என்பார்கள், கம்பத்தில் அதற்குப் பெயரே கிடையாது.

டேங்கைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனபோது ஜோசப் சேட்டன் பிரஷைக் கீழே வைக்காமலே சொன்னார்: "தலச்சேரிக்காரன் சொல்லி, கம்பத்துக்காரன் கேட்டு, கொச்சிக்காரன் அடிச்ச பெயிண்ட். மஸ்கட்காரனுக்குப் பிடிக்கலன்னா நான் எந்து செய்யான்?"

ரிங்

பச்சை அடித்தாயிற்று. அடுத்து பிஸ்டன் ரிங். எர்ணாகுளத்திலேயே கிடைக்கும் என்று சொன்னேன். அது ஒரிஜினல் இல்லை, மஸ்கட்டில் ஒருவரிடம் பழைய ஸ்டாக் இருக்கிறது என்றார் நாஸர். ஊருக்கு வருகிறவர்களின் பெட்டியில்தான் எங்கள் ஸ்பேர் பார்ட்ஸ் எல்லாம் வரும். பால்பவுடர் டின்னுக்கும் கம்பளிக்கும் நடுவில் ஒரு பொட்டலம். இந்த முறை ஆள் புறப்பட்டுவிட்டார் என்று எனக்கு ஒரு செய்தி அனுப்ப நினைத்த நாஸர், அவசரத்தில் அதை மனைவிக்கு அனுப்பிவிட்டார். 'ரிங் கொடுத்து விட்டிருக்கேன், பத்திரமா வாங்கி வைக்கணும், அளவு சரியா இருக்கும்' என்று செய்தி.

பொட்டலமும் நேராக வீட்டுக்கே போனது. எனக்கு வந்து சேர்ந்தது இத்தாவுக்கென்று அவர் கொடுத்துவிட்ட ஒரு சென்ட் பாட்டில். அண்ணாச்சி அதைப் புதுவகைத் துரு நீக்கி என்று நினைத்துச் செயின் கவரில் அடித்துப் பார்த்திருக்கிறார். அன்றைக்கு ஒருநாள் மட்டும் என் ஒர்க்‌ஷாப்பில் யாரும் தும்மவில்லை.

சாயங்காலம் சுஹரா இத்தா வந்தார். முகத்தில் கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய பொட்டலத்தை என் மேஜையில் வைத்தார். "கல்யாணம் கழிஞ்சு இத்தனை வருஷத்துல முதல் தடவையா ரிங் அனுப்பறாருன்னு பக்கத்து வீட்டுலயெல்லாம் சொல்லிட்டேன் தம்பி. அவங்க பார்க்க வந்தா நான் இதக் கையில போடுறதா கழுத்துல போடுறதா?" என்றார்.

சத்தம் போடாத புல்லட்

வண்டி ஒருவழியாக முழு உருவத்துக்கு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, மஸ்கட் அறை மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணாச்சி கிக்கரை உதைத்தார். இரண்டு தடவை இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. புல்லட் சத்தம் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. போனில் நாஸர் மட்டும், "சும்மா நிக்காம உதைங்க ஆசானே" என்றார்.

ஓடுகிறது, ஓடுகிறது என்று கத்தினேன். "உங்க சத்தம் கேக்குது. வண்டி சத்தம் எங்க?" என்றார். போனை சைலன்சர் பக்கத்தில் கொண்டுபோனோம். "புகைதான் வருது, தீ கீ பிடிச்சிருக்கா?" என்றார். விஷயம் என்னவென்று பின்னால் செல்போன் கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். வீடியோ காலில் மனிதக் குரலைத் தவிர வேறு சத்தம் இருந்தால் அதை இடைஞ்சல் என்று முடிவுசெய்து போனே அமுக்கிவிடுமாம். மாதக்கணக்கில் உயிரைக் கொடுத்து நான் உண்டாக்கிய சத்தத்தை அது இடைஞ்சல் என்று நினைத்துவிட்டது. அன்றைக்கு எனக்கு அது தெரியாதே. இன்ஜினில் ஏதோ கோளாறு, எல்லாம் பொளிச்சுப் பாருங்கள் என்றார் நாஸர். பொளிப்பது என்றால் மலையாளத்தில் பிரித்துப்போடுவது. பிரித்தோம். மாட்டினோம். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் சத்தம் கேட்கவில்லை, மறுபடியும் பொளிச்சுப் பாருங்கள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் அப்படியே.

நான் ஸ்பானரை எறிந்துவிட்டுச் சாயா குடிக்கப் போனேன். அண்ணாச்சி மட்டும் நிதானமாக நட்டுகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். "மலையாளம் கஷ்டம் கஷ்டம்னாங்க தம்பி. மொத்தமே பொளிச்சுன்னு ஒரே வார்த்தைதானே இருக்கு" என்றார்.

அனுப்ப வேண்டாம்

போன் செய்யும் சூழ்ச்சி தெரிந்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. வெள்ளிக்கிழமைவரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் உடனே மஸ்கட்டுக்குக் கூப்பிட்டேன். வண்டி எப்போதோ ஓடிவிட்டது இக்கா, உங்களுக்குத்தான் கேட்கவில்லை, இப்போதே ஓடவிட்டுத் தனியாகப் படம் பிடித்து அனுப்புகிறேன், அதில் சத்தம் வந்தே தீரும், என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "அனுப்ப வேண்டாம் ஆசானே" என்றார். எனக்குப் புரியவில்லை. கோபித்துக்கொண்டாரோ என்று நினைத்தேன். அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. பெயிண்ட், ரிங், சத்தம் என்று ஒவ்வொன்றாக அவர் இழுத்துக்கொண்டே போனதற்கு ஒரிஜினல் பைத்தியம் காரணமில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டி ஓடினால் அவர் வர வேண்டும். மனிதர் வரப் பயப்படுகிறார்.

"இங்க காலையில நான் போனா சூப்பர்வைசர் வந்தாச்சுன்னு கதவு திறப்பாங்க. எங்க ஊருல காலையில எழுந்து எந்தக் கதவுகிட்ட போய் நிப்பேன்? வீடு அவளோடது, அடுக்களை அவளோடது, தெருவுல பாதிப் பேருக்கு என்னைத் தெரியாது. லீவுக்கு வந்தவன்னா நாலு பேர் விசாரிப்பான். ஊரோட வந்தவன யாரு விசாரிப்பான்?" என்று கேட்டார். நானும் ஊரை விட்டு வந்தவன்தான். என் கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. சரி இக்கா, அனுப்பவில்லை என்றேன். "கொஞ்ச நாளைக்கு அப்படியே ஓடாம இருக்கட்டும் ஆசானே" என்றார்.

பொளிச்சடுக்கி

நான் வாக்குக் காப்பாற்றினேன். ஆனால் சுஹரா இத்தாவிடம் நான் எந்த வாக்கும் வாங்கவில்லையே. இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கமாக வந்தவர், வண்டி ஓடுமா என்று அண்ணாச்சியைக் கேட்டிருக்கிறார். ஓடும் என்றிருக்கிறார் அண்ணாச்சி. ஓட்டிக்காட்டுங்கள் என்றதும் ஓட்டிக்காட்டியிருக்கிறார். சொன்னதைச் செய்கிறவராயிற்றே. நான் சாயாக் கடையிலிருந்து ஓடிவருவதற்குள், இத்தா ஸ்டாண்டு போட்ட வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஆக்ஸிலேட்டரைத் திருகி, பக்கத்துக் கடைப் பெண்ணை வைத்துப் படம் எடுத்து, மஸ்கட்டுக்கு அனுப்பியும் முடித்துவிட்டார்.

எனக்கு அன்றைக்கே கம்பத்தில் ஒரு புதுமனை புகுவிழா. இனி நடப்பது நடக்கட்டும் என்று பஸ் ஏறிவிட்டேன். ஒர்க்‌ஷாப் போன் அண்ணாச்சியிடம் இருந்தது. அதில் நாஸரின் குரல் செய்தி வந்திருக்கிறது. ஒரே வார்த்தை: 'பொளிச்சடுக்கி.' மலையாளத்தில் இப்போது எல்லோரும் சொல்வதுதான். அசத்திவிட்டீர்கள் என்று அர்த்தம். நாம் பிரிச்சு மேஞ்சுட்டான் என்போமே, அதே மாதிரி. பாவம் நாஸர், அத்தனை தயக்கத்தையும் மீறி, தன் வண்டியின் சத்தமும் அதன்மேல் தன் மனைவியும் சேர்ந்து வந்ததைப் பார்த்து, வாய்விட்டுப் பாராட்டியிருக்கிறார். ஆனால் சொல்லுக்குச் சொல் பார்த்தால் பிரித்து அடுக்கி. அண்ணாச்சிக்குத் தெரிந்த ஒரே மலையாள வார்த்தையும் அதுதான்.

ஊரிலிருந்து திரும்பி ஷட்டரைத் தூக்கினால், தரை முழுக்கத் தார்ப்பாய். அதன்மேல் புல்லட், இன்ஜினின் கடைசி வாஷர்வரை பிரித்து, துடைத்து, பெரியது முதல் சிறியதுவரை வரிசையாக அடுக்கி வைத்திருந்தது. அண்ணாச்சி பெருமையோடு நின்றுகொண்டிருந்தார். "பொளிச்சு அடுக்கின்னு சொன்னாரு. 'வையி'ன்னு சொல்றதுக்குள்ள போன் கட்டாயிட்டு போலன்னு நெனச்சேன். அதான் நானே வச்சிட்டேன்" என்றார்.

பெட்டியோடு வந்தவர்

அண்ணாச்சியை நான் திட்டி முடிக்கவில்லை, வாசலில் டாக்சி வந்து நின்றது. பெட்டியோடு இறங்கியவர் நாஸர். அந்தப் படத்தைப் பார்த்ததும் ஒரு மாத லீவு கேட்டு வாங்கி, டிக்கெட் போட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் வண்டியைப் பார்க்க வந்திருக்கிறார். ராஜி வைக்கவில்லை. திரும்பிப் போகிற டிக்கெட் சட்டைப்பையில் இருக்கிறது. போனில் அத்தனை பெரிய முகமாகப் பார்த்த மனிதர் நேரில் ஒல்லியாக, குட்டையாக இருந்தார். தும்மினார். தார்ப்பாயைப் பார்த்தார். மறுபடியும் தும்மினார்.

கத்தப்போகிறார் என்று நான் ஒதுங்கி நின்றேன். அவர் கத்தவில்லை. பெட்டியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு, தார்ப்பாய் ஓரத்தில் உட்கார்ந்தார். பிஸ்டனைக் கையில் எடுத்தார். சூப்பர்வைசர் ஆன பிறகு ஸ்பானரே பிடித்ததில்லை என்று பிறகு சொன்னார். மஸ்கட்டில் காற்றை இறுக்கியதைத் தவிர. பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சியைப் பார்த்தார். "அண்ணாச்சி, இதுல எது மேல?" என்றார்.

பதுக்கே

மறுநாள் நான் கடை திறக்க வந்தபோது நாஸர் ஷட்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அதற்கு மறுநாளும். மாட்டினார், தப்பாக மாட்டினார், கழற்றினார், கையைக் கீறிக்கொண்டார். இடித்துக்கொண்ட விரலை உதறியபடி, என்னை மலையாளத்திலும் வண்டியைத் தமிழிலும் திட்டினார். மூட்டை தூக்குகிறவர்கள் போகவர, "நாஸர்க்கா, எங்க வரைக்கும் ஆச்சு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவரும் கார்புரேட்டரை எடுத்துக் காட்டி விளக்கம் சொல்வார். நான் செய்தால் ஒரு வாரத்தில் முடிகிற வேலை. என் கை அரித்தது. ஒரு மதியம் அவர் சாயா குடிக்கப் போன நேரத்தில், இந்த மனிதர் லீவு முடிவதற்குள் வண்டியைப் பார்க்க வேண்டாமா என்று கிளட்ச் தட்டுகளை நானே மாட்ட உட்கார்ந்தேன்.

சாப்பாட்டுத் தூக்கோடு வந்த சுஹரா இத்தா அதைப் பார்த்துவிட்டார். தூக்கைக் கீழே வைத்துவிட்டு, என் கையிலிருந்து ஸ்பானரை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "பதுக்கே மதி தம்பி. மெதுவா ஆகட்டும். முன்ன இந்த வண்டி ஓடலன்னு அழுதேன், இப்ப ஓடிடுமோன்னு பயமா இருக்கு" என்றார்.

ஒரு சத்தம்

எவ்வளவு மெதுவாகப் போனாலும் வேலை என்று ஒன்று முடிந்துதானே ஆக வேண்டும். நாஸரின் விமானத்துக்கு முந்தைய நாள் வண்டி முழுசாக நின்றது. கடைசி நட்டுவரை அவரே மாட்டியது. கிக்கரையும் அவரே உதைத்தார். முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. பொய் சொல்லவில்லை, நான் கட்டி அப்படி ஒரு புல்லட் ஓடியதில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் கை தட்டினார்கள். அண்ணாச்சி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டார். சுஹரா இத்தா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குச் சாயங்காலம் பெட்டி கட்டுகிற வேலை இருந்தது.

நாஸர் வண்டியை ஓடவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். "ஏதோ ஒரு சத்தம் கேக்குதே ஆசானே" என்றார். நான் குனிந்து காதைக் கொடுத்தேன். டாப்பெட்டில் சத்தமில்லை, செயினில் இல்லை, எங்குமே இல்லை. என் கடையில் கட்டிய வண்டியைக் குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது, அதிலும் இல்லாத குறையைச் சொன்னால். ஒரு மண்ணும் கேட்கவில்லை இக்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணாச்சி என் காலை மிதித்தார். யாரும் சொல்லாமல் அவர் செய்த முதல் வேலை அதுதான்.

சுஹரா இத்தா கிட்டே வந்தார். இன்ஜின் பக்கம் குனிந்து, கண்ணை மட்டும் கணவர் முகத்திலிருந்து எடுக்காமல், கொஞ்ச நேரம் கேட்டார். நாஸர் வண்டியை அணைத்துவிட்டு ஸ்பானருக்குக் கையை நீட்டினார். அதை எடுத்து அவர் கையில் கொடுத்தபடி இத்தா சொன்னார்: "எனக்கும் கேக்குது."

விமானம் நாஸர் இல்லாமலே போய்விட்டது, வண்டி இன்னும் ஓடவில்லை, ஆனாலும் மட்டாஞ்சேரியில் என் கைராசியைப் பற்றி சுஹரா இத்தா சொல்லாத வீடு இல்லை.